வீட்டு நீச்சல் குளம்: மழைக்கு முன் முடிக்க நாள் எண்ணுவது எப்படி

வளைகுடாவிலிருந்து ஒரு மாத லீவில் வருகிறவர், வந்து இறங்கிய மறுநாளே ஜேசிபியை வரச்சொல்லி, திரும்பிப் போவதற்குள் குளத்தில் ஒரு முங்கு போட்டுவிடலாம் என்று கணக்குப் போடுவது மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் சாதாரணம். கான்கிரீட் குளத்தில் அந்தக் கணக்கு ஒத்துவராது. காரணம் ஒப்பந்தக்காரரின் சோம்பலாகவும் இருக்கலாம், மழையாகவும் இருக்கலாம். ஆனால் எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் முப்பது நாளில் கான்கிரீட்டே பக்குவமாகி முடிந்திருக்காது.

ஆகவே, எது தாமதம், எது தாமதமே இல்லை என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். சிமென்ட் இறுகக் காத்திருப்பது தாமதம் இல்லை. அது வேலையின் ஒரு பகுதி. டைல் வரவில்லை என்று கொத்தனார் பத்து நாள் வராமல் இருப்பது தாமதம். முன்னதைச் சுருக்க முயல்கிறவர்களும் பின்னதைப் பொறுத்துப்போகிறவர்களும்தான் கடைசியில் கசியும் குளத்தோடு நிற்கிறார்கள்.

நாள் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி தண்ணீர் ஆழமுள்ள ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். 800 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறக்குறைய 22,650 லிட்டர். சுவரும் தளமும் 8 அங்குலக் கம்பிக் கான்கிரீட். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலும், எல்லை தாண்டிக் கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கமும் வீட்டு வளவில் கட்டப்படும் குளங்களுக்கு இது நடுத்தரமான அளவு.

மண் வெட்ட 3 நாள். அடித்தளக் கான்கிரீட் போட 2. தளக் கம்பி கட்ட 5. பைப் பதித்து அழுத்தச் சோதனை செய்ய 2. தளக் கான்கிரீட் 1. சுவர்க் கம்பியும் சென்ட்ரிங்கும் 6. சுவர்க் கான்கிரீட் 1. பலகை பிரித்துத் தண்ணீர் காட்டிப் பக்குவப்படுத்த 12. தண்ணீர் நிரப்பிக் கசிவுச் சோதனை 14. இறைத்து உலரவிட 3. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு 6. பூச்சு வேலை 4, அது இறுக 7. டைல் ஒட்ட 12. டைலும் இடுக்குப்பூச்சும் இறுக 14. நிரப்பி ஓட்டிப் பார்க்க 3.

கூட்டினால் 95 நாள். அதில் ஆள் நின்று வேலை செய்வது 45 நாள். மீதி 50 நாளும் காத்திருப்பு. வேலையே நடக்கவில்லை என்று வீட்டார் புலம்புவது இந்த ஐம்பது நாளில்தான். மோட்டார் அறை, சுற்றுத்தரை, குளியலறை, வேலி முதலியவற்றை இந்த நாட்களில் செய்துகொண்டால் தனியாக நாள் பிடிக்காது.

எதிர்பாராததற்கு இன்னொரு 25 நாள் சேர்த்தால் 120. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் சராசரி நாள் ஜூன் 1. மே 31-இலிருந்து 120 நாளைப் பின்னோக்கி எண்ணினால் ஜனவரி 31-இல் வந்து நிற்கும். பொங்கல் முடிந்து ஆட்கள் திரும்பியதும் முதல் வேலை மண்வெட்டாக இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடியோடு கொட்டும் கோடை மழையும் உண்டு என்பதால், சுவர்க் கான்கிரீட் மார்ச் முதல் வாரத்தைத் தாண்டக் கூடாது.

‘ஜூன் மழை விட்டதும் செப்டம்பரில் தொடங்கலாமே’ என்று கேட்பார்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஒரு மழைக்காலம். குமரி மாவட்டத்துக்கு இரண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. செப்டம்பரில் தோண்டிய குழியில் கம்பி கட்டி முடிக்கும் நேரத்தில் ஐப்பசி வந்துவிடும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் குமரிக் கரையை ஒட்டிப் போனதையும், 2023 டிசம்பர் 17, 18-இல் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையையும் பார்த்தவர்களுக்குக் கார்த்திகை, மார்கழியையும் நம்பி எண்ணக் கூடாது என்று தெரியும். செங்கோட்டை, குற்றாலம் பக்கம் சாரல் காலத்தில் மழையின் அளவைவிட விடாமல் பெய்யும் பிசுபிசுப்புதான் தொல்லை, பூச்சு உலராது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சிப் பக்கம் மழை குறைவு, ஆனால் காற்று. ஆடிக் காற்றில் போட்ட கான்கிரீட்டின் மேற்பரப்பு, தண்ணீர் காட்டுவதற்கு முன்பே காய்ந்து மயிர்க்கோடாக வெடிக்கும். அங்கே ஈரச்சாக்கும் பிளாஸ்டிக் விரிப்பும் கான்கிரீட் வருவதற்கு முன்பே வேலை நடக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

காகித வேலை: அக்டோபரில் தொடங்குங்கள்

குளத்துக்கு அனுமதி தேவையா, எல்லையிலிருந்து எத்தனை அடி விட வேண்டும் என்பதை உங்கள் ஊராட்சி, பேரூராட்சி அல்லது நகராட்சியில் வரைபடத்தோடு போய்க் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள். கேரளத்தில் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் தனித்தனியாக 2019-இல் வந்த கட்டிட விதிகள். எல்லைக்கு இந்தப்பக்கம் நடந்தது அந்தப்பக்கமும் நடக்கும் என்று நினைக்கக் கூடாது. அக்காள் வீடு பாறசாலையில், தங்கை வீடு களியக்காவிளையில் என்றால் இரண்டு குளத்துக்கும் இரண்டு விதமான காகிதம்.

நாளைத் தின்பவை மூன்று.

முதலாவது, நில வகை. கேரளத்தில் நிலவரி ரசீதில் ‘நிலம்’ என்று இருந்தால் அது வயல். ‘புரையிடம்’ என்று இருந்தால்தான் வீட்டு வளவு. இப்போது தென்னை நிற்கிறது என்பதால் மட்டும் வயல் வளவாகிவிடாது. 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தயாரான டேட்டா பேங்கில் (வயல், நீர்நிலங்களின் பட்டியல்) அந்த சர்வே எண் இருக்கிறதா என்று கிருஷி பவனில் (வேளாண் அலுவலகம்) பார்த்துவிடுங்கள். இருந்தால் குளத்தை மறந்துவிட்டு அந்தச் சிக்கலை முதலில் தீர்க்க வேண்டும். அது மாதக்கணக்கில் போகும்.

இரண்டாவது, மலையோரம். குமரி, தென்காசி, தேனி, கோவை மாவட்டங்களில் சில கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ளன. உங்கள் கிராமம் அதில் இருந்தால் கட்டுமானத்துக்கும் மண் வெட்டுக்கும் கூடுதல் அனுமதி வேண்டும்.

மூன்றாவது, வெட்டி எடுத்த மண். பலர் இதை யோசிப்பதே இல்லை. குளத்தின் உள்ளளவு 20-க்கு 10 ஆனாலும், சுவர்ப் பருமனும் சென்ட்ரிங் அடிக்க இருபுறமும் இரண்டடி இடமும் சேர்த்தால் குழி 25-க்கு 15 அடி, ஆழம் 5 அடி. 1,875 கன அடி, அதாவது 19 யூனிட். வெட்டிய மண் உப்பும். நான்கில் ஒரு பங்கு கூடுதலாக வைத்தால் 23, 24 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் எட்டு லோடு. இந்த மண்ணைச் சாலையில் ஏற்றினால் சீட்டு கேட்பார்கள். எல்லைச் சோதனைச்சாவடி வழியாக அனுப்ப நினைத்தால் இன்னும் சிக்கல். வளவிலேயே தாழ்வான இடத்தில் நிரப்பிக்கொள்வது எளிது; முடியாதென்றால் கனிமவளத் துறையின் அனுமதியை மண்வெட்டுக்கு முன்பே வாங்குங்கள். சுவரின் வெளிப்பக்கம் நிரப்பத் தேவையான மண்ணை மட்டும் குழியிலிருந்து பத்தடி தள்ளிக் குவித்து, மேலே தார்ப்பாய் போட்டு வையுங்கள்.

திருவிதாங்கூர்க் காலத்துப் பழைய பிரமாணம் (பத்திரம்) மலையாளத்தில் இருந்து, இப்போதைய பட்டாவில் பெயரோ சர்வே எண்ணோ ஒத்துப்போகவில்லை என்றால், அதைச் சரிசெய்யும் நாளையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிணற்றைப் பாருங்கள், பிறகு குழியைக் குறியுங்கள்

வளவில் கிணறு இருந்தால் பாதி மண் பரிசோதனை இலவசமாக முடிந்தது. கிணற்றின் உட்சுவரில், துருக்கல் (லேட்டரைட் எனும் செம்மண் பாறை) வெட்டின் மேல், பாசி பச்சையாக ஏறியிருக்கும் கோட்டைப் பாருங்கள். கீழே கறுத்த ஈரம், நடுவில் பாசி, மேலே காய்ந்த செங்கல்நிறம். மேலிருந்து பார்க்கையில் அந்தப் பாசி தொடங்கும் உயரம்தான் மழைக்காலத்தில் தண்ணீர் வந்து நிற்கும் மட்டம். கிணற்று மதில் அடியிலிருந்து அதுவரை நாடாவை இறக்கி அளந்துகொள்ளுங்கள். ஏழு, எட்டு அடிக்குக் கீழே இருந்தால் நிம்மதி. நாலு அடியில் இருந்தால் குளத்தின் அமைப்பையே மாற்றிப் பேச வேண்டும்: தரைக்கு மேல் இரண்டடி தூக்கிக் கட்டுவது ஒரு வழி.

கிணறு இல்லையென்றால் குளம் வரப்போகும் இடத்தில் ஆறடிக்கு ஒரு சோதனைக் குழி தோண்டுங்கள். மூன்று விஷயம் தெரியவரும். துருக்கல் என்றால் ஜேசிபிக்கு வேலை சுத்தமாக இருக்கும், பக்கம் சரியாது. ஆனால் மழையில் அதன் ஓட்டைகள் வழியே தண்ணீர் பக்கவாட்டில் ஓடிவரும். துருக்கல்லுக்கு அடியில் வெளுத்த வழுக்குக் களிமண், மலையாளத்துக்காரர்கள் சேடிமண் என்பது, வந்தால் அதன் மேல் நேராகத் தளம் போடக் கூடாது. வெட்டி நீக்கிக் கருங்கல் சக்கை போட்டு இறுக்க வேண்டும், இரண்டு நாள் கூடும். மூன்றடியிலேயே பாறை தட்டினால் வெடி வைப்பதை மறந்துவிடுங்கள். வீடுகளுக்கு நடுவே அது நடக்காது. பாறை உடைக்கும் பிரேக்கர் பொருத்திய எந்திரம் மணிக்கணக்கில் வாடகைக்கு வரும், அல்லது துளையில் ஊற்றி உப்பவைக்கும் ரசாயனக் கலவை. எதுவானாலும் ஒரு வாரம் கூடுதல். சித்தூர்ப் பக்கம் கரிசல் மண் இருந்தால் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கித் தளத்தை ஆட்டும். கரிசலை எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பும் செலவும் நாளும் மதிப்பீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கான்கிரீட்டுக்குள் போகிறவை

கான்கிரீட் விழுந்தபிறகு மாற்ற முடியாதவை இவை: அடிவடிகால் இரண்டு, ஒன்றில் ஆள் கால் சிக்கினாலும் மற்றதில் உறிஞ்சும்படி, மேல்மிதப்பை இழுக்கும் ஸ்கிம்மர், தண்ணீர் திரும்பி வரும் வாய்கள் குறைந்தது இரண்டு, வேக்குவம் குழாய்க்கு ஒரு வாய், விளக்குக்கான குழி, மின்கம்பிக் குழாய், கம்பிக்கூட்டை எர்த்தோடு இணைக்கும் பட்டை. இந்தப் பொருட்கள் பக்கத்து ஹார்டுவேர் கடையில் கிடைக்காது. எர்ணாகுளம், கோவை, சென்னை என்று பெரிய ஊரிலிருந்து வர வேண்டும். தளக் கம்பி கட்டிமுடித்து, ஸ்கிம்மர் பார்சல் வரவில்லை என்று ஆட்களை அனுப்பிவிடுவது மிகவும் சாதாரணமான, முழுக்கத் தவிர்க்கக்கூடிய தாமதம். மண் வெட்டும் நாளில் இந்தப் பொருட்கள் எல்லாம் உங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்க வேண்டும்.

பைப்பைப் பதித்ததும் எல்லா வாயையும் அடைத்து, 2 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றி, கேஜைப் பொருத்தி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் முள் இறங்காமல் இருக்க வேண்டும். முக்கியமான ஒன்று: கான்கிரீட் போடும்போதும் அந்த அழுத்தம் இருக்கட்டும். வைப்ரேட்டர் முனையோ மிதிக்கிற காலோ பைப்பை உடைத்தால் முள் உடனே சரியும். அப்போதே தோண்டி மாற்றிவிடலாம். இல்லாவிட்டால் அது தெரியவருவது டைல் ஒட்டியபிறகு.

கம்பி ஏறக்குறைய ஒரு டன். கம்பியின் பருமனையும் இடைவெளியையும் கட்டமைப்புப் பொறியாளர் எழுதித் தரட்டும். கவர் பிளாக் (கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கான்கிரீட் கட்டை) இல்லாமல், உடைந்த டைல் துண்டை அடியில் செருகிக் கம்பியைத் தூக்குவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தத் துண்டின் ஓரம் வழியாகத்தான் தண்ணீர் கம்பியைத் தொடும்.

தளத்துக்கும் சுவருக்கும் சேர்த்து 9.3 கன மீட்டர் கான்கிரீட் தேவை. தண்ணீர் தேக்கும் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3370, கம்பிக் கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்-30 தரம் சொல்கிறது. வேலை நடக்கும் இடத்திலேயே கலந்தால் 70 முதல் 75 மூட்டை சிமென்ட் ஆகும். இரண்டு தடவையாகப் போடுவதால் ஒவ்வொரு தடவைக்கும் பாதி. ரெடிமிக்ஸ் என்றால் லாரி கிளம்பி இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும். நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை சாலையில் காலை நெரிசலில் இரண்டு மணி நேரம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விடிகாலை ஐந்து மணிக்குக் கேளுங்கள். லாரி உங்கள் தெருவில் திரும்புமா, இல்லையென்றால் பம்ப் குழாய் எத்தனை மீட்டர் வேண்டும் என்பதை ஆலை ஆள் நேரில் வந்து பார்த்துச் சொல்லட்டும். இறுகத் தொடங்கிய கலவையில் ஓட்டுநர் தண்ணீர் ஊற்றினால் அந்த லோடை வாங்காதீர்கள். ஒரு நாள் போனாலும் போகட்டும்.

தளமும் சுவரும் சேரும் இடம்தான் குளத்தின் பலவீனம். தளம் போடும்போதே சுவரின் அடி நாலு அங்குலம் எழும்பி, அதன் நடுவில் தண்ணீரைத் தடுக்கும் பி.வி.சி. வாட்டர் ஸ்டாப் பட்டை பாதி புதைந்து பாதி மேலே நிற்க வேண்டும். சுவருக்குக் கலவை ஊற்றுமுன் அந்த விளிம்பைக் கம்பி பிரஷால் தேய்த்து, தூசியைத் தண்ணீரால் கழுவுவது அரைமணி நேர வேலை. அதை விட்டால் பிறகு ஊசிபோட்டு அடைக்க வேண்டிய வேலை ஒரு வாரம்.

தண்ணீர் காட்டுவதும் தண்ணீர்ச் சோதனையும்

கடையில் கிடைக்கும் சிமென்ட் பெரும்பாலும் பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசலானா) வகை. ஐ.எஸ். 456-இன்படி இவ்வகைச் சிமென்டுக்குக் குறைந்தபட்சம் 10 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். காய்ந்த வெயில் என்றால் 14 நாள் நல்லது. முழு வலிமைக்கு 28 நாள். காலையும் மாலையும் ஹோஸில் பீய்ச்சுவது போதாது. நடுப்பகலில் சுவர் வெளுத்துவிடும். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், சுவரில் சாக்கைத் தொங்கவிட்டு நனையுங்கள். ஆள் வரவில்லை என்றால் இதை வீட்டில் உள்ளவர்களே செய்யலாம்.

பிறகு குளத்தை நிரப்புங்கள். இந்த நேரத்தில் வெளிப்பக்கம் மண் நிரப்பியிருக்கக் கூடாது. சுவரின் வெளிமுகம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முதல் ஏழு நாளில் கான்கிரீட் தண்ணீரை உறிஞ்சும், மட்டம் கொஞ்சம் இறங்கும், நிரப்பிக்கொண்டே இருங்கள். அடுத்த ஏழு நாள்தான் சோதனை. குளத்தின் படியில் ஒரு வாளியை வையுங்கள். வாளிக்குள் தண்ணீர் குளத்து மட்டத்துக்கே நிற்கட்டும். வாளியின் உள்ளேயும் வெளியேயும் மார்க்கரால் ஒரு கோடு. 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்தது. வெளிக்கோட்டில் மட்டம் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. இந்தக் குளத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 186 லிட்டர்; சின்னதாகத் தெரியும், சின்னதில்லை. கசியும் இடம் வெளிச்சுவரில் ஈரத்திட்டாகவோ வெள்ளை உப்புக் கோடாகவோ காட்டிக்கொடுக்கும். அங்கே சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுப் படம் எடுத்துவையுங்கள்.

இந்த 14 நாளைத்தான் ஒப்பந்தக்காரர்கள் முதலில் வெட்டப் பார்ப்பார்கள். ‘கோட்டிங் அடிக்கப் போறோமே, எதுக்கு அண்ணே இது?’ என்பார்கள். பூச்சு ஓட்டையை மறைக்கும். கான்கிரீட் கசிந்தால் என்றாவது பூச்சும் கசியும்.

காலிக் குளம் மிதக்கும்

நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் கணக்கு எளிது. இந்தக் குளத்தின் வெளியளவு 21 அடி 4 அங்குலத்துக்கு 11 அடி 4 அங்குலம். சுற்றியுள்ள குழியில் தண்ணீர் ஒவ்வொரு அடி ஏறும்போதும் 6.8 டன் எடைக்குச் சமமாகக் குளத்தை மேலே தள்ளும். கான்கிரீட் கூட்டின் எடை 23 டன். அதாவது தளத்தின் அடியிலிருந்து மூன்றரை அடிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் நின்றாலே இரண்டும் சமம். தரைமட்டத்துக்கு ஒன்றேகால் அடி கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி மழையில் துருக்கல் குழி அந்த அளவுக்கு நிறைவது இங்கே பெரிய காரியமில்லை. குளம் ஒருபக்கம் தூக்கி, பைப் முறிந்து, சாய்ந்து நின்றால் அதைத் திரும்ப உட்காரவைக்க வழி கிடையாது.

தடுப்பு மூன்று. அடிவடிகாலில் ஹைட்ரோஸ்டேடிக் வால்வு வையுங்கள். வெளியே அழுத்தம் கூடினால் அது திறந்து தண்ணீரை உள்ளே விடும். குழியின் ஒரு மூலையில், தளத்தைவிட ஒரு அடி ஆழமாக, துளையிட்ட 8 அங்குலப் பைப்பை நிறுத்திச் சுற்றி ஜல்லி போடுங்கள். மழையில் அதற்குள் நீர்மூழ்கி மோட்டாரை இறக்கி இறைத்துக்கொண்டே இருக்கலாம். மூன்றாவது, மழை வரும் என்று தெரிந்தால் குளத்தைக் காலியாக விடாதீர்கள். நிரம்பிய குளத்தில் மேலும் 22 டன் இருக்கிறது. அது எங்கும் போகாது.

பாதி வேலையில் மழை பிடித்துக்கொண்டால் செய்ய வேண்டியதும் இதிலிருந்தே வரும். சுவர் எழும்பிக் கான்கிரீட் ஒரு வாரம் ஆகியிருந்தால், மழைத் தண்ணீரையே உள்ளே நிறைய விடுங்கள். வெளுக்கும் வரை வேலையை நிறுத்துங்கள். தளக் கம்பி கட்டிய நிலையில் மழை வந்தால் கம்பியின் மேல் சேறு ஏறும். கான்கிரீட்டுக்கு முன் அதைக் கழுவ ஒரு நாள் ஒதுக்குங்கள். மேல் துருப்பொடியைச் சாக்கால் துடைத்தால் போதும், செதில் செதிலாக உரிந்தால் பொறியாளரிடம் காட்டுங்கள். பக்கம் சரியும் மண் என்றால் விளிம்பிலிருந்து மூன்றடிக்கு அப்பால் ஒரு வரப்பு போட்டு, வளவுத் தண்ணீரை வேறுபக்கம் திருப்பிவிடுங்கள். குழியைச் சுற்றி வேலி கட்டாயம். நீர் நின்ற குழி குழந்தைகளுக்கு ஆபத்து.

டைல், ஆள், பணம்

தளம் 200 சதுர அடி, சுவர் 240, ஆக 440. வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 485 சதுர அடி ஒரே தடவையில் வாங்குங்கள். டைல் பெரும்பாலும் குஜராத் மோர்பியிலிருந்து லாரியில் வருகிறது. பத்து சதுர அடி குறைந்தால் வருவது வேறு பேட்ச். நீலம் நீலத்தோடு ஒட்டாது. பெட்டியில் அச்சிட்ட பேட்ச் எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். சுவர்க் கான்கிரீட் போடும் வாரத்தில் டைலுக்கு ஆர்டர் கொடுத்தால், ஒட்டும் நாளில் கையில் இருக்கும். கண்ணாடி மொசைக் ஒட்ட எல்லாக் கொத்தனாருக்கும் வராது. வெள்ளைப் பாலிமர் பசை, எபாக்ஸி இடுக்குப்பூச்சு இரண்டிலும் பழகியவரை முன்கூட்டியே தேதி சொல்லிப் பிடித்துவையுங்கள்.

ஆட்கள் எப்போது ஊருக்குப் போவார்கள் என்பது பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. வடக்கிலிருந்து வந்தவர்கள் ஹோலி, துர்கா பூஜை, சட் பூஜை, சொந்த ஊர்த் தேர்தல். இங்குள்ளவர்கள் பொங்கல், ஈஸ்டர், விஷு, கோயில் கொடை. ஓணத்தில் எல்லைக்கு இருபுறமும் ஆள் கிடைக்காது. ஜனவரியில் தொடங்கும் வேலையில் மார்ச் மாத ஹோலி, சரியாகத் தண்ணீர்ச் சோதனை நாட்களில் விழும்படி அமைத்துவிட்டால் ஒரு நாளும் நஷ்டமில்லை.

ஒப்பந்தத்தில் ‘மூன்று மாதத்தில் முடித்துத் தரப்படும்’ என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதியும் பணமும் சேர்த்து எழுதுங்கள்: கையெழுத்தில் 10 சதவீதம், தளக் கான்கிரீட்டில் 25, சுவர்க் கான்கிரீட்டில் 25, தண்ணீர்ச் சோதனை தேறியதும் 15, டைல் முடிந்ததும் 15, ஓட்டிக் காட்டி ஒரு வாரம் கழித்து 10. மழை நாளுக்குத் தேதி நீளும், அந்த நாட்களை இருவரும் ஒரு நோட்டில் கையெழுத்திட்டுக் குறிக்க வேண்டும் என்றும் சேருங்கள். பாதிக்கு மேல் முன்பணம் கேட்பவரின் இன்னொரு வேலைத்தளத்துக்கு உங்கள் பணம் போய்க்கொண்டிருக்கலாம்.

பைபர் குளம் சீக்கிரம் முடியுமா

பைபர் குளம் ஆலையிலேயே வார்த்து வரும் கூடு. குழி, மணற்படுகை, இறக்குதல், பைப் எல்லாம் சேர்த்து இரண்டு, மூன்று வாரத்தில் முடியும். லீவில் வருகிறவர்களுக்கு இதுதான் பொருந்தும், கூட்டை முன்பே ஆர்டர் கொடுத்திருந்தால். சிக்கல் வழியில்தான். பத்தடி அகலக் கூடு குறுகிய சந்தில் நுழையாது. கேட், மதில், தெருவின் குறுக்கே தொங்கும் மின்கம்பி, தென்னை எல்லாவற்றையும் அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். கிரேன் கை மின்கம்பியை நெருங்கும் என்றால் மின்வாரியத்தில் மனுக் கொடுத்து அந்த நாளில் மின்சாரத்தை நிறுத்தச்சொல்ல வேண்டும். இறக்கியபிறகு உள்ளே ஒரு அடி தண்ணீர், வெளியே ஒரு அடி மணல் என்று மாறிமாறி ஏற்ற வேண்டும். ஒருபக்கம் மட்டும் நிரப்பினால் சுவர் வயிறு தள்ளும். கூடு இலேசு என்பதால் மிதக்கும் ஆபத்து கான்கிரீட்டைவிடப் பலமடங்கு.

நிரப்புதல்

மே மாதத்தில் 22,650 லிட்டரைக் கிணற்றிலிருந்து இறைத்தால் கிணறு வற்றும், பக்கத்து வீட்டாரோடு மனக்கசப்பும் வரும். 6,000 லிட்டர் லாரி என்றால் நான்கு நடை. ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள். துருக்கல் பகுதித் தண்ணீரில் இரும்பும் புளிப்பும் அதிகம். குளோரின் போட்டவுடன் கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) நிறத்துக்கு மாறினால் பயப்பட வேண்டாம்; அது கரைந்திருந்த இரும்பு வெளிப்படுவது. பம்பை விடாமல் ஓட்டி, மணல் வடிகட்டியைத் திருப்பிக் கழுவி, அடியில் படிந்ததை வேக்குவம் இழுத்தால் சில நாளில் தெளியும். பி.எச். 7.2-இலிருந்து 7.6-க்குள் வந்ததா என்று பாருங்கள். அதற்குக் கீழே இருந்தால் சிமென்ட் இடுக்குகளைத் தண்ணீரே அரிக்கும். குளோரின் 1 முதல் 3 பி.பி.எம்.

மின்பகுதியில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யை எலக்ட்ரீசியன் உங்கள் முன்னால் டெஸ்ட் பொத்தானை அழுத்தி விழவைத்துக் காட்டட்டும். தண்ணீருக்குள் விளக்கு 12 வோல்ட் மட்டும். பம்ப் ஒரு வாரம் ஓடியபிறகு, முன்பு வைத்த அதே வாளியை அதே படியில் வைத்து, பம்பை நிறுத்தி ஒரு நாள், ஓடவிட்டு ஒரு நாள் மட்டத்தை அளந்துவிடுங்கள். ஓடும்போது மட்டும் கூடுதலாக இறங்கினால், திரும்பி வரும் பைப்பில் எங்கோ கசிவு இருக்கிறது. அந்த 10 சதவீதம் இன்னும் உங்கள் கையில்தானே இருக்கிறது. சரிசெய்த பிறகு கொடுங்கள்.